வானளாவிய பந்தயம்

சூதினால் நாடிழந்த தருமனையும் நளனையும் அறியாத தமிழர் இலர். வள்ளுவர் சூதுக்கெனத் தனி அதிகாரம் ஒன்றையே வகுத்துச் சென்றார். பழங்கதைகளிலே சூது பெரும்பாலும் வஞ்சனையோடு சேர்த்தே பேசப்படுகின்றது. சகுனியின் கவறு மாயக் கவறு. அதன் எதிரே அமர்ந்தவன் தோற்றதில் வியப்பில்லை. இக்காலத்துச் சூதுமனைகளின் இயல்போ வேறு. அங்கே கவறு நேர்மையானது, சீட்டு நேர்மையானது, சுழலும் சக்கரமும் நேர்மையானது. ஆயினும் மனையை நடத்துபவனே முடிவில் வெல்கின்றான். வஞ்சனையின்றியே இவ்வெற்றி எவ்வாறு கிட்டுகின்றது? இவ்விரகசியத்தை நன்கறிந்த ஒருவரே அதனை மறந்து, தாமும் ஆடுவோர் வரிசையில் அமர்ந்தால் விளைவது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடையாக, அமெரிக்காவின் பாலைநிலம் ஒன்றிலே வானளாவிய ஒரு கோபுரம் நிற்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலுள்ள நெவாடா மாநிலத்தின் பெரும்பகுதி வறண்ட பூமி. அதன் தென்கோடியில் அமைந்துள்ளது லாஸ் வேகாஸ் நகரம். ஸ்பானிய மொழியிலே அப்பெயர் புல்வெளிகள் என்று பொருள்படும். பாலைவனத்தின் நடுவே ஊற்றுநீர் கசிந்து புல் வளர்ந்த இடமாதலால் வழிப்போக்கர் அவ்வாறு பெயரிட்டனர். 1905ஆம் ஆண்டிலே புகையிரதப் பாதையை ஒட்டிய நிலம் ஏலத்தில் விற்கப்பட்டபோது அங்கே ஊர் ஒன்று தோன்றியது. 1931ஆம் ஆண்டு அவ்வூரின் தலைவிதியை மாற்றியது. உலகமெங்கும் பொருளாதார மந்தம் நிலவிய அவ்வாண்டிலே நெவாடா அரசு சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில், அண்மையிலுள்ள கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணையின் வேலையும் தொடங்கியது. அணையின் வேலையாட்கள் கையிற் காசுடன் நகருக்கு வந்தனர். பின்னர் 1941ஆம் ஆண்டில், நகர எல்லைக்குத் தெற்கே, கலிபோர்னியாவிலிருந்து வரும் நெடுஞ்சாலையோரத்தில் எல் ராஞ்சோ வேகாஸ் என்னும் சூதாட்ட ஹொட்டேல் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த மாளிகைகளே இன்று ஸ்ட்ரிப் என உலகெங்கும் அறியப்படும் ஒளிவீதியாக விளங்குகின்றன.

அவ்வீதியின் வடகோடிக்கும் பழைய நகரின் மையத்துக்கும் இடையில் நிற்பதே ஸ்ட்ராற்றோஸ்பியர் கோபுரம். வளிமண்டலத்தின் மேலடுக்கான படைமண்டலத்தைக் குறிக்கும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அதன் உயரம் 1,149 அடி, அதாவது 350 மீற்றர். கொழும்பில் தாமரைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த நேயர்களுக்கு இவ்வுயரத்தை விளக்கவேண்டியதில்லை. இரண்டும் ஏறத்தாழச் சம உயரமுடையவை. ஐக்கிய அமெரிக்காவிலுள்ள காட்சிக் கோபுரங்களுள் இதுவே மிக உயர்ந்தது. கொங்கிறீற்றினால் அமைந்த மூன்று பெருங்கால்கள் கீழே விரிந்து, மேலே ஒன்றுகூடி, ஒரே தண்டாக எழுகின்றன. அத்தண்டின் உச்சியிற் பன்னிரண்டு மாடிகள் கொண்ட வட்டக் கூடம் ஒன்று தாமரை மொட்டுப் போல அமர்ந்திருக்கின்றது. கண்ணாடிச் சுவர்களையுடைய காட்சித் தளமும், மெல்லச் சுழன்றுகொண்டேயிருக்கும் உணவுச்சாலையும் அதனுள் உள்ளன. அங்கே உண்ண அமர்ந்தவர், எழுந்து நடவாமலே, தெற்கே ஒளிவீதியையும், வடக்கே பழைய நகரையும், மேற்கே மலைத்தொடரையும், சுற்றிலும் பாலைவெளியையும் முறையே கண்டுவிடலாம்.

கோபுரத்தின் அடியிலே இருப்பது ஹொட்டேல். அதன் கீழ்த்தளத்திலே கசினோ எனப்படும் ஆட்டக்கூடம். இத்தகைய கூடங்கள் பெரும்பாலானவற்றில் பலகணியும் இராது, கடிகாரமும் இராது. பகலோ இரவோ என்னும் நினைவு ஆடுவோருக்கு எழாதிருப்பதே அவ்வமைப்பின் நோக்கம். அங்கே ரூலெட் என்னும் சுழல்சக்கர ஆட்டம் நடைபெறுகின்றது. அமெரிக்க முறையில் அச்சக்கரத்தில் 38 குழிகள் உள்ளன. ஒன்று முதல் முப்பத்தாறு வரையான எண்கள் முப்பத்தாறு குழிகளுக்குரியவை. எஞ்சிய இரண்டும் பூச்சியம், இரட்டைப் பூச்சியம் என்பன. ஓர் எண்ணின்மீது ஒரு டொலர் வைத்தவருக்கு அவ்வெண் விழுந்தால், வைத்த டொலரோடு மேலும் 35 டொலர் கிடைக்கும். கணக்கின்படி நியாயமாகக் கிடைக்கவேண்டியதோ 37 டொலர். அந்த இரண்டு டொலரே மனையின் பங்கு. நூற்றுக்கு 5.26 வீதம் என்னும் இச்சிறு வேற்றுமை ஒரு சுற்றிலே கண்ணுக்குப் புலப்படாது. ஒருவர் பெருந்தொகை வென்று ஆரவாரித்துச் செல்லவும் கூடும். ஆனால், ஆயிரக்கணக்கானோர் இலட்சக்கணக்கான முறை ஆடும்போது, துளித்துளியாக விழுந்து குளத்தை நிரப்பும் மழைநீர் போல அது மனையின் பெட்டியை நிரப்பிவிடுகின்றது. ஆடுபவன் அதிட்டத்தை நம்புகின்றான். மனைக்காரனோ கணக்கை நம்புகின்றான். சகுனிக்கு வேண்டியிருந்த மாயம் இவனுக்கு வேண்டியதில்லை.

இக்கணக்கை நன்கறிந்தவர் பொப் ஸ்டுபாக். 1942ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் நகரிலே பிறந்தவர். அவருடைய தந்தையாரும் அந்நகரிற் சூதாட்டம் நடத்தியவரே. மகன் லாஸ் வேகாஸ் சேர்ந்து, பின்னாளிற் கோபுரம் எழுந்த அதே நிலத்தில், 1974ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவிற் சூதாட்ட அரும்பொருட்சாலை ஒன்றைத் திறந்தார். இரண்டு மாதங்கள் நிறைவுறுமுன்னரே அது தீக்கிரையாயிற்று. அவர் மனந்தளர்ந்தாரில்லை. 1979ஆம் ஆண்டு யூலை மாதத்தில், விண்வெளிக் காட்சிகளால் அலங்கரிக்கப்பட்ட வேகாஸ் வேள்ட் என்னும் ஹொட்டேலை அவ்விடத்திலேயே திறந்துவைத்தார்.

விளம்பரக் கலையில் அவர் வல்லவர். இருபத்தொன்று என்னும் சீட்டாட்டத்தில், மனைக்காரன் தன் முதலிரு சீட்டுக்களுள் ஒன்றை மறைத்து வைப்பது வழக்கம். ஸ்டுபாக் அவ்விரண்டையும் திறந்து காட்டும் ஆட்டமுறையைத் தம் மனையில் நடத்தினார். எதிராளியின் கைச்சீட்டைக் கண்ணாற் கண்டபின் ஆடுவதென்றால் யார்தான் வரமாட்டார்? ஆனால், அவ்வாட்டத்தில் இருதரப்பும் சமமாக வந்தால் மனைக்கே வெற்றி என்பது விதி. இரண்டே சீட்டில் இருபத்தொன்று பெற்றவருக்கு வழக்கமாக அளிக்கப்படும் மேலதிகப் பங்கும் அங்கே இல்லை. ஒரு கையால் அள்ளிக் கொடுப்பது போலக் காட்டி, மறுகையால் எண்ணி எடுத்துக்கொள்ளும் இவ்வித்தையிலே பொய் ஏதுமில்லை. விதிகள் யாவும் வெளிப்படையானவை. கணக்கறியாதவன் கொடுத்த கையை மாத்திரம் பார்த்தான்.

எனினும், இம்மனிதரின் உள்ளத்தில் மனைக்காரனோடு ஆட்டக்காரனும் குடியிருந்தான். 1987ஆம் ஆண்டில் அவர் மாநகர முதல்வர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 1989ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்க உதைபந்தாட்ட இறுதிப் போட்டியின்மீது பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பந்தயம் கட்டி வென்று, நாடெங்கும் பெயர் பெற்றார். அவருடைய ஹொட்டேல் ஒளிவீதிக்கு வெளியே, செல்வமற்ற குடியிருப்பு ஒன்றின் அருகில் இருந்தது. அவ்வாண்டிலேயே ஒளிவீதியின் நடுப்பகுதியில் மிறாஜ் என்னும் பெருமாளிகை திறக்கப்பட்டது. அதன் வாயிலிலே மாலைதோறும் செயற்கை எரிமலையொன்று தீயைக் கக்கியது. வீதியில் நடந்த மக்கள் நின்று பார்த்து உள்ளே புகுந்தனர். அத்தகைய செல்வ மாளிகைகளோடு போட்டியிட ஸ்டுபாக்கிடம் இருந்தவை துணிவும் கற்பனையுமே. தொலைவிலிருப்போரையும் ஈர்க்கவேண்டுமாயின் தொலைவிலிருந்தே தெரியவேண்டும் என அவர் எண்ணினார். ஆயிரம் அடி உயரமான விளம்பர ஒளிப்பலகை ஒன்றை நாட்டுவதே அவரது முதல் எண்ணமாயிருந்தது. பின்னர் அது மக்கள் ஏறிநின்று பார்க்கும் கோபுரமாக வளர்ந்தது. பாரிஸ் நகருக்கு ஐஃபெல் கோபுரம் எவ்வாறோ, அவ்வாறே லாஸ் வேகாஸுக்குத் தம் கோபுரம் அடையாளமாக வேண்டும் என்பது அவர் வேட்கை.

வேலை தொடங்கிய பின்னரும் ஆசை அடங்கவில்லை. கோபுரத்தை 1,800 அடிக்கு மேல் உயர்த்த அவர் விரும்பினார். விமானங்களின் பாதைக்கு அது இடையூறாகும் என்று விமானப் போக்குவரத்தை மேற்பார்வை செய்யும் மத்திய அரசின் நிறுவனம் எதிர்த்தது. ஆகவே உயரம் 1,149 அடியோடு நின்றது. 1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆம் திகதி, பாதி எழுந்த நிலையில் நின்ற கோபுரத்தில் நள்ளிரவு வேளையிலே தீ மூண்டது. ஊரார் வீதிகளில் நின்று அதனைப் பார்த்தனர். அந்நேரத்தில் அவருடைய கைப்பணமும் கரைந்துகொண்டிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த கிறாண்ட் கசினோஸ் என்னும் நிறுவனம் பங்காளியாகச் சேர்ந்தது. பழைய ஹொட்டேல் 1995ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மூடப்பட்டுப் புதிய கட்டடத்தோடு இணைக்கப்பட்டது. அதற்கு அடுத்த மாத முடிவில் ஸ்டுபாக் மோட்டார்ச் சைக்கிள் விபத்தொன்றிற் சிக்கினார். பல நாட்கள் நினைவிழந்து கிடந்தவர், மருத்துவர்களின் முயற்சியால் மீண்டெழுந்தார். உயிர்மீது வைத்த பந்தயத்தை அவர் வென்றார் எனலாம். பொருள்மீது வைத்த பந்தயமோ இன்னும் முடியவில்லை.

1996ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 30ஆம் திகதி கோபுரம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மொத்தச் செலவு ஏறத்தாழ 550 மில்லியன் டொலர். மக்கள் திரளாக வந்தனர், அண்ணாந்து பார்த்தனர், மின்னுயர்த்தியில் ஏறி உச்சியை அடைந்தனர், பாலைவனத்து இரவின் ஒளிக்கடலைக் கண்டு மகிழ்ந்தனர். அதன்பின் கீழே இறங்கி, மேலிருந்து கண்ட அந்த ஒளிவீதியை நோக்கியே புறப்பட்டனர். கோபுரம் தன் விருந்தினருக்குக் காட்டிய மிக அழகான காட்சி, அயலாரின் மாளிகைகளே. காண வருபவர் வேறு. தங்கி ஆடுபவர் வேறு. ஒரு கூட்டத்தின் கால்களை ஓரிடத்துக்கு இழுத்துவர உயரம் போதும். அக்கால்களை அங்கேயே நிறுத்திவைக்க உயரம் போதாது. அயலிலே நடந்து செல்லத்தக்க வேறு பெருமாளிகைகள் அதிகமில்லை. வீதியிற் போவோர் தாமாக வந்து புகும் இடமும் அன்று அது. மேலும் கட்டவேண்டியிருந்த ஹொட்டேற் பகுதி நிதியின்மையால் இடையில் நின்று, உருக்கு எலும்புக்கூடாகப் பல ஆண்டுகள் காட்சியளித்தது.

இங்கேதான் பழைய கணக்கு புதிய வடிவில் வந்து நின்றது. கட்டடத்துக்கென ஏறத்தாழ 200 மில்லியன் டொலர் கடன்முறிகள் மூலம் திரட்டப்பட்டிருந்தது. அதற்கு வட்டி நூற்றுக்கு 14 வீதத்துக்கும் மேல். ஆண்டொன்றுக்கு 28 மில்லியன் டொலர். நாளொன்றுக்கு 75,000 டொலருக்கு மேல். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும், சக்கரத்தின் குண்டு எக்குழியில் விழுந்தாலும், சூரியன் உதிக்குந்தோறும் அத்தொகை கொடுபடவேண்டும். ஆடுவோருக்கு எதிராக மனை வைத்திருந்த 5.26 வீதத்தைப் போன்றதே இதுவும். உறங்காதது, ஓயாதது, அதிட்டத்துக்கு அஞ்சாதது. வேறுபாடு ஒன்றே: இம்முறை மனைக்காரரே மேசையின் மறுபக்கத்தில், ஆடுபவர் அமரும் ஆசனத்தில் அமர்ந்திருந்தார். திறந்து காட்டிய இரு சீட்டுக்களைக் கண்டு மயங்கியவர்களைப் போல, அவரும் உயரத்தை மாத்திரம் பார்த்து, விதிகளைப் பாராது விட்டார் போலும்.

பங்கின் விலை விரைவாக வீழ்ந்தது. திறப்புவிழா நடந்து மூன்று மாதங்களுக்குள் ஸ்டுபாக் தலைவர் பதவியிலிருந்து விலகினார். 1997ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஒன்பது மாதங்கூட நிறையாத நிலையில், நிறுவனம் வங்குறோத்துப் பாதுகாப்பு வேண்டி நீதிமன்றை நாடியது. அவ்வேளையிலே, வீழ்ந்த நிறுவனங்களின் கடன்களை மலிந்த விலைக்கு வாங்குவதில் தேர்ந்தவரான கார்ல் ஐகான் என்னும் நிதித்துறையாளர் அக்கடன்முறிகளைச் சேர்க்கலானார். 1998ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மறுசீரமைப்பு முடிவுற்றபோது நிறுவனத்தின் பெரும்பங்கு அவர் வசமாயிற்று. பழைய பங்குகள் பயனற்றுப்போயின. கோபுரத்தின் புகழை நம்பித் தம் சேமிப்பை அதில் இட்டு, அப்பங்குகளை இறுதிவரை வைத்திருந்தவர்கள் வெறுங்கையராயினர். அவர்களுட் பலர் ரூலெட் சக்கரத்தின் அருகிலே ஒருநாளும் அமர்ந்திராதவராக இருக்கலாம். தாம் ஆடியது சூது என்று அவர்கள் அறியவில்லை. முதலீடு என்றே எண்ணினர். இவ்வரலாற்றில் மிகவும் இரங்கத்தக்க இடம் இதுவே.

ஐகான் கற்பனையில் ஈடுபடவில்லை. நின்றுபோன ஹொட்டேற் பகுதியை 2001ஆம் ஆண்டிற் கட்டி முடித்து, அறைகளின் எண்ணிக்கையை 2,400க்கு மேல் உயர்த்தினார். செல்வரை நாடாது, குறைந்த செலவிலே தங்க விரும்பும் பயணிகளை நாடினார். பின்னர் 2008ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், இக்கோபுரத்தையும் வேறு மூன்று சூதாட்ட விடுதிகளையும் சேர்த்து, கோல்ட்மன் சாக்ஸ் என்னும் பெருவங்கியின் நிதியமொன்றுக்கு 1.2 பில்லியன் டொலர் அளவிலான விலைக்கு விற்றார். அவ்வாண்டின் பிற்பகுதியில் உலக நிதி நெருக்கடி மூண்டது. லாஸ் வேகாஸ் நகரம் அதனாற் கடுமையாகத் தாக்குண்டது. வாங்கிய நிதியம் 2017ஆம் ஆண்டில் அந்நான்கு விடுதிகளையும் கோல்டன் என்ரர்ரெயின்மென்ற் நிறுவனத்துக்கு 850 மில்லியன் டொலருக்கு விற்றது. கணக்கையே தொழிலாகக் கொண்டோரும் காலத்தைத் தவறாகக் கணித்தால் தோற்பர் என்பதற்கு இது சான்று. 2020ஆம் ஆண்டில் ஸ்ட்ரற் என்னும் சுருங்கிய பெயரைக் கோபுரம் சூடிக்கொண்டது.

கோபுரத்தின் உச்சியிலே வேறொரு வாணிகமும் நடைபெற்று வந்துள்ளது. அஃது அச்சத்தின் வாணிகம். ஆட்களை இருக்கையிற் கட்டி ஊசிக்கம்பத்தின்மேல் எறிந்து இறக்கும் பொறி தொடக்கம் முதலே இருந்தது. விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு ஆட்டும் பொறிகள் 2003ஆம் ஆண்டிலும் 2005ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டன. கம்பிகளாற் பிணைக்கப்பட்டு 800 அடிக்கும் மேல் கீழே குதிக்கும் ஏற்பாடு 2010ஆம் ஆண்டிலே தொடங்கியது. பெருங்குரங்கு வடிவான ஊர்தி ஒன்று ஆட்களைச் சுமந்து கோபுரத்தின்மீது ஏறும் என்னும் திட்டமும் ஒருகால் இருந்தது, அது நிறைவேறவில்லை. இப்பொறிகளில் ஏறுவோர் நடுங்குகின்றனர், அலறுகின்றனர், பின் சிரித்துக்கொண்டே இறங்குகின்றனர். வார்களின் வலிமையும் கம்பிகளின் தாங்குதிறனும் முன்கூட்டியே அளந்து சோதிக்கப்பட்டவை. அச்சம் மெய், ஆபத்து மிகச் சிறிது. ஆட்டக்கூடத்திலோ நிலைமை மறுதலையானது. அங்கே மெல்லிய இசை கேட்கும். மென்மையான கம்பளம் விரிந்திருக்கும். அச்சம் எள்ளளவும் தோன்றாது. ஆபத்து மாத்திரம் மெய்யானது. உச்சியிலிருந்து குதிப்பவனைக் கம்பி தாங்குகின்றது. கீழே அமர்ந்து ஆடுபவனைத் தாங்குவதற்கு எவ்விதக் கம்பியும் இல்லை.

ஸ்டுபாக் அதன்பின்னரும் ஓயவில்லை. மூழ்கிய டைட்டானிக் கப்பலின் வடிவிலே புதிய ஹொட்டேல் ஒன்றை எழுப்ப எண்ணி, 1999ஆம் ஆண்டில் நகரசபையின் அனுமதியை வேண்டினார், சபை மறுத்துவிட்டது. 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், தமது 67ஆவது வயதிலே காலமானார். அவரைப் பேராசைக்காரர் என்று மட்டும் கூறி ஒதுக்குதல் நீதியாகாது. வறிய அயலிலே, பலர் ஏளனஞ் செய்ய, ஒரு மனிதரின் கனவிலே தோன்றிய கோபுரம் இன்றும் நிற்கின்றது. பாலைவனத்தில் வண்டியோட்டி வருபவர் பல கல் தொலைவிலிருந்தே அதனைக் கண்டு ஊர் அண்மித்ததை அறிகின்றார். நகருக்கு அடையாளம் ஒன்று தருவேன் என்ற அவர் சொல் பொய்க்கவில்லை. பொய்த்தது, அவ்வடையாளம் தம் கடனைத் தானே தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையே.

இன்றும் காட்சித் தளத்தில் நிற்பவர் கண்ணாடியினூடே நான்கு திசையையும் காணலாம். கீழே, பலகணியற்ற கூடத்திலிருப்பவருக்கு அத்திசைகளுள் ஒன்றும் தெரியாது. ஒரே கட்டடத்தின் இரு பகுதிகள் இவை. கீழிருப்பவன் தன்னைச் சுற்றியுள்ளதைக் காணாமையால் இழக்கின்றான். ஆனால் அக்கோபுரத்தை எழுப்பியவரோ நெடுந்தொலைவு கண்டும் இழந்தார். ஏனெனில் அவர் அண்ணாந்து பார்த்தபோது, காலடியில் நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்த வட்டியின் படிக்கட்டு கண்ணிற் படவில்லை. தருமனின் கதையிலே தோல்விக்குக் காரணமாக ஒரு சகுனி இருந்தான். இக்கதையிலே சகுனி என ஒருவரும் இல்லர். எல்லாச் சீட்டுக்களும் திறந்தே கிடந்தன. அவற்றை எண்ணிப் பார்க்கவேண்டிய பொறுப்பு மாத்திரம் ஆடுபவரைச் சார்ந்திருந்தது.